மெஷினுக்கு மாலை போடுவதற்கு முன்னால்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சிறுநீரகம் கெட்டவர்களின் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் டயாலிசிஸ் மெஷின் அன்பளிப்புச் செய்தி நம் மலேசியத் தமிழ்ப் பத்திரிகைகளில் அடிக்கடி வருகிறது. மெஷினுக்கு ஒரு மாலை, பெரிய அட்டையில் எழுதிய காசோலை, அதைப் பிடித்துக்கொண்டு பத்துப் பேர். கொடுத்தவர்கள் நன்றாக இருக்கட்டும். அந்த மெஷின் பக்கத்தில் படுக்கிறவர்களை ஏற்றி இறக்குவதுதான் என் பிழைப்பு, அதனால் அதன் அருமை எனக்குத் தெரியும். ஆனாலும் ஒரு கேள்வி உறுத்திக்கொண்டே இருக்கிறது. சிறுநீரகம் கெட்டுப்போன பிறகு இத்தனை ஆயிரம் கொட்டுகிறோமே, அதில் ஒரு சிறு பங்கையாவது கெடுவதற்கு முன்னால் செலவழிக்க ஏன் நமக்குத் தோன்றுவதில்லை?

நான் பினாங்கு மாநிலத்தின் பட்டர்வொர்த் மாக் மண்டினில் இருக்கிறேன். முன்பு கொண்டெய்னர் லோரி ஓட்டினேன், முதுகு ஒத்துழைக்கவில்லை, இப்போது வேன். திங்கள், புதன், வெள்ளி ஒரு குழு. செவ்வாய், வியாழன், சனி இன்னொரு குழு. விடியற்காலையில் பாகான் டாலாமில் முதல் ஆள் ஏறுவார். பிறையைச் சுற்றிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் காலை ஷிப்டுக்குத் தாதியர்கள் தயாராக இருப்பார்கள். ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம். வாரத்துக்கு மூன்று தடவை, தீபாவளியாக இருந்தாலும் சரி, வீட்டில் சாவு விழுந்தாலும் சரி. போகும்போது அரசியலெல்லாம் பேசுகிறவர்கள் திரும்பும்போது வாயே திறக்க மாட்டார்கள். உடம்பில் சக்தி இருக்காது. கையில் ஊசி குத்துவதற்காக ரத்தக்குழாய்களை இணைத்து பிஸ்டுலா போட்ட இடத்தில் பஞ்சை அழுத்திக்கொண்டு கண்ணை மூடிச் சாய்ந்துவிடுவார்கள். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று அளவு வைத்திருப்பதால், வெயில் காலத்தில் ஐஸ் கட்டியை வாயில் அடக்கிக்கொண்டு வருகிறவர்களும் உண்டு.

பினாங்கு மாநிலத்தில் இந்தியர்கள் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். என் வேனைப் பார்த்தால் அப்படித் தெரியாது. ஒரு மலாய் பாக்சிக், ஒரு சீன ஆண்ட்டி, மிச்சம் எல்லாம் நம் ஆட்கள். ஒரு வேனை வைத்து நாட்டுக் கணக்கு சொல்லக் கூடாது, சரி. சுகாதார அமைச்சின் கணக்கையே சொல்கிறேன். 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி நாட்டில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு (நாம் சொல்கிற இனிப்புநீர்), இந்தியர்களிடையே 31.4 விழுக்காடு. 2023 ஆய்வில் நாட்டின் சராசரி 15.6க்கு இறங்கியது. நம்மவர்களிடையே அப்போதும் நான்கில் ஒருவருக்கு மேல். இந்த நாட்டில் புதிதாக டயாலிசிஸுக்கு வருகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு மூலகாரணம் நீரிழிவு. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் என் வேன் ஏன் அப்படி இருக்கிறது என்று விளங்கிவிடும்.

இதைச் சொன்னால் நம் ஆட்களே உடனே ஒரு பதில் வைத்திருப்பார்கள்: "வாயைக் கட்டினால் வியாதி ஏன் வருகிறது?" கெட்டிப்பால் ஊற்றிய தே தாரிக்கை ஆற்றிக் குடித்துக்கொண்டேதான் இதைச் சொல்வார்கள். வாய்க்கும் பங்கு உண்டு, நான் மறுக்கவில்லை. ஆனால் நம்முடைய உடல்வாகுக்கும் இதில் பங்கு உண்டு. ஒல்லியாகத் தெரிகிற ஆளுக்கும் வயிற்றுக்குள் கொழுப்பு சேர்ந்திருக்கும், தசை குறைவு, இன்சுலின் சரியாக வேலை செய்யாது. அதனால்தான் மேலைநாட்டவருக்குக் கூடுதல் எடை என்று பிஎம்ஐ என்ற உயர-எடைக் கணக்கில் 25இல் கோடு போட்டவர்கள், ஆசியர்களுக்கு 23இலேயே போடுகிறார்கள். இடுப்பளவு ஆணுக்கு 90 சென்டிமீட்டருக்குள், பெண்ணுக்கு 80க்குள் இருக்க வேண்டும். தொப்பைக்குக் கீழே இறக்கிக் கட்டுகிற பெல்ட்டின் அளவைச் சொல்லித் தப்பிக்க முடியாது. தொப்புளை ஒட்டி டேப் வைத்துப் பாருங்கள்.

அதோடு நம் ஆட்கள் பார்க்கிற வேலை. பன்னிரண்டு மணி நேர ஷிப்டு, செக்யூரிட்டி கார்டு, லோரி, தொழிற்சாலை பஸ். இரவு இரண்டு மணிக்குத் திறந்திருப்பது மாமாக் சாப்பாட்டுக் கடை மட்டும்தான். அங்கே கீரையும் கொய்யாப்பழமுமா கிடைக்கும்? ஒரு சங்கதி நினைவுக்கு வருகிறது. செபராங் பிறை 19ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டமாக இருந்த இடம். நம் பாட்டன்மார்களை ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றிக் கொண்டுவந்தது இந்த மண்ணில் கரும்பு வெட்டத்தான். அவர்கள் காய்ச்சிக் கொடுத்த சீனி எங்கெங்கோ போய்விட்டது. பேரப்பிள்ளைகளுக்கு ரத்தத்தில் கொஞ்சம் மிச்சம் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

சிறுநீரகத்தின் பெரிய குணக்கேடு, கெடும்போது சொல்லாது. வலி இருக்காது. முக்கால்வாசி போன பிறகுதான் கால் வீங்கும், மூச்சு வாங்கும், சாப்பாடு பிடிக்காது. 2018இல் தீபகற்ப மலேசியாவில் நடந்த ஆய்வில் பெரியவர்களில் 15 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோருக்கு நாட்பட்ட சிறுநீரக நோய் இருந்தது. 2011இல் அது 9 விழுக்காடு. என்னைத் திடுக்கிட வைத்தது அந்த எண்ணிக்கை அல்ல. நோய் இருந்தவர்களில் அது தமக்கு இருக்கிறது என்று தெரிந்தவர்கள் 5 விழுக்காடுதான். நூறு பேரில் தொண்ணூற்றைந்து பேர் சாதாரணமாக வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

என் வேனில் வருகிற தம்பி ஒருவர் அப்படி வந்தவர்தான். செக்யூரிட்டி வேலை, வயது ஐம்பதைத் தொடவில்லை. இரண்டு காலும் வீங்கியது; நின்றே வேலை பார்ப்பதால் என்று நினைத்து எண்ணெய் தேய்த்திருக்கிறார். அப்புறம் ஓர் இரவு மூச்சு விட முடியாமல் அவசரப் பிரிவுக்குப் போனார். கழுத்தில் டியூப் போட்டு டயாலிசிஸ். அவருக்கு இனிப்புநீர் இருக்கிறது என்பதையே அன்றைக்குத்தான் சொன்னார்கள். வீட்டிலிருந்து அரசாங்க கிளினிக் கூப்பிடு தூரம். ஏன் போகவில்லை என்று ஒரு நாள் கேட்டேன். "எனக்கு ஒண்ணும் இல்லையேண்ணே, எதுக்குப் போகணும்?" என்றார். அந்தப் பதிலில் என்ன தப்பு சொல்ல முடியும்?

இன்னொரு விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், லோரிக்காரர்களுக்காக. முதுகு வலி, முட்டி வலி என்று டிக்ளோஃபெனாக், மெஃபெனாமிக் ஆசிட் மாத்திரைகளை மிட்டாய் மாதிரி போட்டுக்கொள்கிறோம். இனிப்புநீரும் ரத்த அழுத்தமும் உள்ளவர்களுக்கு அந்த மாத்திரைகள் சிறுநீரகத்தை மேலும் கெடுக்கும். டாக்டரையோ பார்மசிஸ்டையோ கேட்டுவிட்டு வாங்குங்கள். வலிக்கு என்று விற்கிற பேர் தெரியாத பொடி, சூரணம் பக்கம் போகவே போகாதீர்கள். அவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பல தடவை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது.

சரி, உதவி இல்லையா என்றால், இருக்கிறது. நம் சமூகத்துக்கு ஒன்றுமே கிடைப்பதில்லை என்று மேடையில் முழங்குகிறவர்கள் பேச்சை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அரசாங்க கிளினிக்கில் குடிமகனுக்கு ஒரு வெள்ளி (ரிங்கிட்). டாக்டர், ரத்தப் பரிசோதனை, மருந்து எல்லாம் அந்த ஒரு வெள்ளிக்குள். உலகத்தில் எத்தனை நாட்டில் இப்படி இருக்கிறது?

அதற்கு மேல் பெக்கா பி40 என்று ஒரு திட்டம் 2019இலிருந்து நடக்கிறது. குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு அரசாங்கம் கொடுக்கும் எஸ்டிஆர் உதவித்தொகையை வாங்குகிறவருக்கும் அவருடைய கணவன் அல்லது மனைவிக்கும், வயது 40 ஆகியிருந்தால், பதிவு செய்த தனியார் கிளினிக்கில் இலவச உடல் பரிசோதனை. தனியாக விண்ணப்பம் போட வேண்டியதில்லை. ஐசி (அடையாள அட்டை) எண்ணைத் தட்டினால் தகுதி இருக்கிறதா இல்லையா என்று இணையத்தில் தெரிந்துவிடும். ரத்தம், சிறுநீர் எல்லாம் எடுக்கிறார்கள். மருத்துவச் சாதனங்களுக்கு 20,000 வெள்ளி வரை உதவி, புற்றுநோய் சிகிச்சையை முடிப்பவருக்கு 1,000 வெள்ளி என்று மற்ற பிரிவுகளும் அதில் உண்டு. என் வேனில் ஏறுகிறவர்களின் குடும்பங்களில் பாதிக்கு மேல் எஸ்டிஆர் குடும்பங்கள். காசு எந்தத் தேதியில் அக்கவுண்டில் விழும் என்பது எல்லாருக்கும் அத்துபடி. அதே ஐசிக்கு இலவசப் பரிசோதனை இருக்கிறது என்று கேட்டால், "அப்படியா?" என்கிறார்கள்.

தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவிலும் 40 வயதான சந்தாதாரர்களுக்கு 2013 முதல் இலவசப் பரிசோதனைத் திட்டம் இருக்கிறது. நீங்கள் பிறைத் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கிறீர்கள், சம்பளச் சீட்டில் மாதாமாதம் சொக்சோ வெட்டுகிறார்கள் என்றால், அந்தப் பரிசோதனைக்கான பணத்தை நீங்களே கட்டிவிட்டீர்கள் என்று அர்த்தம். போய் வாங்கிக்கொள்ளுங்கள்.

பெண்கள் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். டயாலிசிஸ் ஒரு தடவைக்கு 200 வெள்ளியை ஒட்டி ஆகிறது. மாதத்துக்குப் பதிமூன்று தடவை. யார் கட்டுவது? அரசாங்க ஊழியருக்கும் ஓய்வூதியருக்கும் அரசாங்கம் பார்த்துக்கொள்கிறது. முஸ்லிம்களுக்கு ஸக்காத் என்ற தருமப் பணம் கைகொடுக்கிறது. தனியார் துறையில் ஒழுங்காகச் சந்தா கட்டியவருக்கு, 60 வயதுக்குள் இயலாமை என்று உறுதியானால், சொக்சோ உதவுகிறது. இந்த மூன்றிலும் சேராமல் நடுவில் விழுகிறவர்கள் யார் என்று பார்த்தால் பெரும்பாலும் நம் பெண்கள். வீட்டைப் பார்த்துக்கொண்டவர்கள், பிள்ளை பார்க்கும் வேலைக்குப் போனவர்கள், நாசி லெமாக் பொட்டலம் கட்டி விற்றவர்கள். சந்தா என்ற பேச்சே அவர்கள் வாழ்க்கையில் வந்ததில்லை. அவர்களுக்காகத்தான் கோயிலிலும் சங்கத்திலும் வாட்ஸ்அப்பிலும் வசூல் நடக்கிறது.

இல்லத்தரசிகளுக்கென்று சொக்சோ 2022 டிசம்பரில் ஒரு திட்டம் தொடங்கியது. வருடத்துக்கு 120 வெள்ளி, அதாவது மாதம் பத்து வெள்ளி. 55 வயதுக்கு உட்பட்ட பெண்கள் சேரலாம். வீட்டில் வழுக்கி விழுந்தால் மருத்துவம், நிரந்தர இயலாமை வந்தால் பென்ஷன், தகுதி இருந்தால் டயாலிசிஸ் வசதி. நோய் வந்த பிறகு ஓடிப்போய்ச் சேர்ந்து பயனில்லை, முன்னாலேயே சேர்ந்திருக்க வேண்டும். கணவன்மார்களைக் கேட்கிறேன்: போனுக்கு மாதம் எவ்வளவு டாப்-அப் போடுகிறீர்கள்? வீட்டில் இருப்பவருக்கு இந்தப் பத்து வெள்ளியைக் கட்டியாகிவிட்டதா? என்னைப் போல் சொந்தமாக வண்டி ஓட்டுகிறவர்களுக்கும் ஒரு தகவல். நாம் கட்டுகிற சுயதொழில் சொக்சோ வேலை விபத்துக்குத்தான். நாளைக்கு இனிப்புநீரால் சிறுநீரகம் போனால் அது வந்து நிற்காது. அதனால் நமக்கு முன்கூட்டியே பரிசோதனை செய்துகொள்வதைத் தவிர வேறு காப்புறுதி இல்லை.

ஏற்கனவே கஷ்டத்தில் இருப்பவர்களுக்கு: பெரிய அரசாங்க மருத்துவமனைகளில் மருத்துவச் சமூக ஊழியர் என்று ஒருவர் இருப்பார். அவரைப் பார்க்க வேண்டும் என்று வார்டிலேயே கேளுங்கள். சுகாதார அமைச்சின் மருத்துவ உதவி நிதிக்கு விண்ணப்பிக்கும் வழி அவருக்குத் தெரியும். எம்.பி. அலுவலகத்தில் கடிதம் வாங்க அலைவதற்கு முன்னால் போக வேண்டிய இடம் அதுதான். வீட்டிலேயே வயிற்றின் வழியாகச் செய்கிற டயாலிசிஸ் முறையும் இருக்கிறது. அது முடியுமா என்று டாக்டரைக் கேட்பதில் வெட்கம் வேண்டாம். என் வருமானம் குறையும், பரவாயில்லை.

இத்தனை இருந்தும் ஏன் போவதில்லை? அலட்சியம் என்று ஒரே வார்த்தையில் முடிக்கிறவர்கள் தினக்கூலிக்கு வேலை பார்த்திருக்க மாட்டார்கள். பரிசோதனைக்குப் போனால் எம்சி என்ற மருத்துவ விடுப்புச் சீட்டு கிடைக்காது, வந்துபோன நேரத்தைக் காட்டும் டைம் ஸ்லிப்தான் கொடுப்பார்கள். டைம் ஸ்லிப்பைக் கொண்டுபோய் சூப்பர்வைசரிடம் நீட்டினால் அந்த மாத அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் போய்விடும். ஒரு வெள்ளிக் கட்டணம், அலவன்ஸோடு சேர்த்தால் நூறு வெள்ளி ஆகிவிடுகிறது. ரத்தம் கொடுக்க ஒரு நாள், ரிசல்ட் கேட்க இன்னொரு நாள். முதல் நாள் எப்படியோ போய்விடுகிறார்கள், இரண்டாவது நாளில்தான் கழன்றுகொள்கிறார்கள். சில கிளினிக்குகள் இரவு 9.30 வரை திறந்திருக்கின்றன. ஆனால் அந்த நேரம் காய்ச்சல், இருமலுக்குத்தான். இனிப்புநீர் அப்பாய்ண்ட்மெண்ட் பகலில்தான். மாத்திரைக்கு மட்டும் ஒவ்வொரு மாதமும் லீவு போட வேண்டியதில்லை என்பதாவது தெரியட்டும். முதல் தடவைக்குப் பிறகு மிச்ச மாதங்களின் மருந்தைத் தபாலில் வரவழைக்கலாம், பக்கத்துக் கிளினிக்கிலும் எடுத்துக்கொள்ளலாம். பார்மசி கவுண்டரில் கேட்டால் சொல்வார்கள். கேட்டால்தான் சொல்வார்கள்.

பாஷையும் ஒரு தடை. தோட்டத்தில் வளர்ந்து, தமிழ்ப் பள்ளியில் பாதியில் நின்ற அம்மாக்கள் டாக்டர் சொல்வதற்கெல்லாம் "பாஹாம், பாஹாம்" (புரிகிறது, புரிகிறது) என்று மலாயில் சொல்லித் தலையாட்டிவிட்டு வெளியே வந்து என்னிடம் சீட்டை நீட்டுவார்கள். "தம்பி, என்ன போட்டிருக்கு பாரு." வேன்காரனா இதைப் படித்துச் சொல்ல வேண்டும்? தமிழ் தெரிந்த தாதியர்கள் இருக்கிறார்கள். அவர்கள் எந்த அறையில், எந்தக் கிழமையில் என்று ஒரு தாளில் எழுதி கதவில் ஒட்டினாலே பாதிப் பிரச்சினை தீரும்.

என் அக்கா மகள் பார்மசிஸ்ட். இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது அமெரிக்கக் கதை ஒன்று சொன்னாள். அங்கே கறுப்பின மக்களும் மற்ற சிறுபான்மையினரும் வெள்ளையர்களைவிட அதிகமாகச் சாகிறார்கள் என்று 1985இல் அரசாங்கமே ஓர் அறிக்கை வெளியிட்டதாம். ஆண்டுக்கு ஏறக்குறைய 60,000 கூடுதல் மரணங்கள். அடுத்த ஆண்டே சிறுபான்மையினர் சுகாதாரத்துக்கென்று தனி அலுவலகம் திறந்தார்கள். அலுவலகம் திறப்பது நமக்கும் புதிதல்ல, அதனால் அது என்னை அசைக்கவில்லை. அசைத்தது அதற்குப் பிறகு அவள் சொன்னதுதான். லாஸ் ஏஞ்சல்ஸில் கறுப்பினத்தவர் நடத்தும் 52 முடிதிருத்தும் கடைகளில் ஓர் ஆய்வு நடந்தது. 2018இல் அதன் முடிவு வந்தது. ரத்த அழுத்தம் கூடியிருந்த 300க்கு மேற்பட்ட ஆண்கள். பாதிக் கடைகளுக்குப் பார்மசிஸ்ட் நேரில் வந்து, டாக்டரின் ஒப்புதலோடு அங்கேயே மருந்தை ஆரம்பித்துக் கவனித்துக்கொண்டார். மற்றக் கடைகளில் முடிவெட்டுகிறவர், டாக்டரைப் போய்ப் பாருங்கள் என்று சொல்வதோடு நிறுத்திக்கொண்டார். ஆறு மாதத்தில் முதல் குழுவில் மேல் அழுத்தம் சராசரியாக 27 புள்ளி இறங்கியது. புத்திமதி மட்டும் கேட்ட குழுவில் 9 சொச்சம்.

முடிதிருத்தும் கடை என்றால் இந்த நாட்டில் அது யாருடைய தொழில்? ஞாயிற்றுக்கிழமை காலையில் நம் கடைகளில் பெஞ்சு நிறைய ஆண்கள் உட்கார்ந்திருப்பார்கள். கிளினிக் பக்கமே வராத அதே ஆண்கள். (உங்கள் பத்திரிகையை முதல் பக்கம் முதல் கடைசிப் பக்கம் வரை வாசிக்கிறவர்களும் அங்கேதான் இருக்கிறார்கள்.) இங்கே பார்மசிஸ்ட் தானாக அந்த மருந்தைக் கொடுக்க முடியாது, சட்டம் வேறு. ஆனால் அழுத்தம் பார்க்கிற கருவி ஒன்றைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் வைக்க யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்?

அப்புறம் நம் கோயில்கள். வெள்ளிக்கிழமை பிறை கருமாரியம்மன் கோயிலுக்கு வரும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தைப்பூசத்துக்குப் பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் சாலை நெடுக எத்தனை பந்தல்! சிவப்பு சிராப், கெட்டிப்பால் சேர்த்த பானம், கேசரி, லட்டு. 2019 ஜூலையிலிருந்து டின் பானங்களுக்கு லிட்டருக்கு 40 சென் சீனி வரி போட்டார்கள், 2025 தொடக்கத்தில் அதை 90 சென்னாக்கினார்கள். பந்தலில் வாளியில் கரைத்து ஊற்றுகிற சிராப்புக்கு எந்த வரியும் இல்லை, பக்தர்கள் போகும் வழியெல்லாம் குடித்துக்கொண்டே போகிறார்கள். நூறு பந்தலில் பத்துப் பந்தலாவது மோரும் வெறும் தண்ணீரும் கொடுத்து, பக்கத்தில் ஒரு மேசை போட்டு ரத்த அழுத்தம் பார்த்தால் முருகன் கோபித்துக்கொள்வாரா?

பரிசோதனை என்றால் பட்டினி கிடந்து வர வேண்டும் என்ற எண்ணம் நிறைய பேருக்கு இருக்கிறது. ரத்தச் சீனியின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி ரத்தப் பரிசோதனைக்கு வெறும் வயிறு தேவையில்லை. நம் நாட்டில் 6.3 விழுக்காட்டைத் தொட்டால் இனிப்புநீர் என்று கணக்கு. சிறுநீரகம் கெடத் தொடங்கியதன் அடையாளமாகச் சிறுநீரில் புரதம் கசிகிறதா என்று பார்க்கவும் சாப்பிட்ட பிறகு வரலாம். ரத்த அழுத்தத்துக்கும் அப்படித்தான். ஆக அன்னதானம் முடிந்து கை கழுவிவிட்டு வருகிறவரை அப்படியே ஒரு நாற்காலியில் உட்கார வைக்கலாம். சிறுநீரில் முக்கிப் பார்க்கும் சோதனைத் துண்டு டப்பாவுக்கு 100 வரும். ஒரு டப்பாவின் விலை ஒரு தடவை டயாலிசிஸ் செலவைவிடக் குறைவு. ஆரம்பக் கசிவை அந்தத் துண்டு சில சமயம் தவறவிடும், லேப் பரிசோதனை அதைவிட நுட்பமானது என்று அக்கா மகள் எச்சரித்தாள். அதையும் சொல்லிவிடுகிறேன். இனிப்புநீர் உள்ளவர்கள் வருடத்துக்கு ஒரு தடவையாவது அந்த லேப் பரிசோதனையைக் கிளினிக்கில் கேட்டு எடுத்துக்கொள்ள வேண்டும். கசிவை ஆரம்பத்திலேயே பிடித்தால், மாத்திரையாலும் ரத்த அழுத்தக் கட்டுப்பாட்டாலும் டயாலிசிஸைப் பல வருடம் தள்ளிப்போடலாம்.

இலவச மருத்துவ முகாம் கோயில்களில் ஏற்கனவே நடக்கிறதே என்று கேட்பீர்கள். நடக்கிறது. விரலில் குத்தி, "உங்களுக்குச் சீனி கூடுதலா 14 இருக்கு, டாக்டரைப் பாருங்க" என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். சீட்டு சட்டைப் பையிலேயே இருந்து வாஷிங் மெஷினில் கரைந்துவிடுகிறது. லாஸ் ஏஞ்சல்ஸில் 9 புள்ளியோடு நின்ற குழுவுக்கு நடந்ததுதான் இது. இரண்டு வாரம் கழித்து அந்த ஆளுக்குப் போன் போட்டு, "போனீங்களா அண்ணே?" என்று கேட்க ஆள் வேண்டும். போகாவிட்டால் கூட்டிக்கொண்டு போக வேண்டும். சுகாதார அமைச்சு 2013இல் ஆரம்பித்த கோஸ்பென் திட்டம் இதற்காகத்தான்: அந்தந்த ஊர்க்காரர்களுக்கே எடை, ரத்த அழுத்தம், சீனி அளவு பார்க்கக் கற்றுக்கொடுத்துத் தன்னார்வலர் ஆக்குவது. கம்போங் சூராவ்களில் (கிராமத்துத் தொழுகைக் கூடங்களில்) அது நடப்பதைப் பார்த்திருக்கிறேன். எங்கள் அடுக்குமாடிப் பக்கம் பார்த்ததில்லை. அவர்கள் வரவில்லையா, நாம் கூப்பிடவில்லையா? நம் கோயில் இளைஞர் பகுதியில் உறுமி அடிக்க இருபது பையன்கள் இருக்கிறார்கள். அவர்களில் இரண்டு பேரை இந்தப் பயிற்சிக்கு அனுப்பலாம்.

ஐசி பிரச்சினை உள்ளவர்களைப் பற்றி எழுத ஆரம்பித்தால் தனிக் கடிதம் ஆகிவிடும். மேலே சொன்ன ஒரு வெள்ளி, பெக்கா எல்லாம் குடியுரிமை உள்ளவர்களுக்கு. இந்த நாட்டிலேயே பிறந்து இன்னும் குடிமக்களுக்கான அந்த நீல ஐசிக்காக அலைகிற நம் ஆட்களுக்கு அது இல்லை. குடியுரிமை விண்ணப்பத்துக்கு உதவும் சங்கங்கள் இதையும் மனதில் வைத்துக்கொள்ளட்டும்.

மெஷின் கொடுக்கும் நன்கொடையாளர்களிடம் நான் கேட்பது சின்ன விஷயம். இனி மெஷின் வாங்கும்போது அதன் விலையில் பத்தில் ஒரு பங்கை ஒதுக்கி, அந்த மெஷின் நிற்கும் தாமானிலேயே (குடியிருப்புப் பகுதியிலேயே) பரிசோதனைக்கும் அதற்குப் பிறகு போன் போட்டுக் கவனிக்கிற ஆளின் அலவன்ஸுக்கும் கொடுங்கள். அந்தத் தாமானில் எஸ்டிஆர் வாங்குகிற எத்தனை பேர் பெக்கா பரிசோதனையை முடித்தார்கள் என்பதை நோட்டில் எழுதி வையுங்கள். ஆசிரியரிடமும் ஒரு வேண்டுகோள். கோயில் திருவிழா விளம்பரத்துக்குப் பக்கத்தில் வாரம் ஒரு தடவை ஒரு சின்னக் கட்டம் கொடுங்கள். எந்த வட்டாரத்தில் எந்தத் தனியார் கிளினிக் பெக்காவில் இருக்கிறது, எந்த அரசாங்க கிளினிக் எத்தனை மணி வரை என்று தமிழில் போடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு டயாலிசிஸ் இல்லை, என் வேன் சும்மாதான் நிற்கிறது. பட்டர்வொர்த், பிறை, புக்கிட் மெர்தாஜாம் வட்டாரத்தில் எந்தக் கோயில் நிர்வாகமாவது, தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் சங்கமாவது பரிசோதனை வைத்தால் வயதானவர்களை ஏற்றி இறக்க நான் வருகிறேன். இரண்டாவது நாள் ரிசல்ட் கேட்கக் கூட்டிப் போகவும், மத்தியானம் இடைவெளி கிடைக்கிற நாளாக இருந்தால் வருகிறேன். பெட்ரோல் காசு மட்டும் கொடுத்துவிடுங்கள். என் தொடர்பு எண்ணை ஆசிரியரிடம் தனியாகக் கொடுத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வேன் ஓட்டுநர்,
மாக் மண்டின், பட்டர்வொர்த்.